செட்டிநாட்டில் சைக்கிள்: சாலையிலும் வீட்டு வளவுக்குள்ளும் மிதிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பிள்ளையாரைப் பார்க்கச் சைக்கிளில் போய்க் குட்டியானையில் திரும்பியவன் நான். ஆறு வருடங்களுக்கு முன்பு, பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. புதுச் சைக்கிள், புது ஹெல்மெட், ஒரே ஒரு தண்ணீர் பாட்டில். காலை எட்டரைக்குக் காரைக்குடியிலிருந்து கிளம்பினேன். பிள்ளையார்பட்டி 12, 13 கிலோமீட்டர்தானே என்கிற தெம்பு. தரிசனம் முடித்து வெளியே வந்தபோது மணி பதினொன்றை நெருங்கியிருந்தது. பின்சக்கரம் காற்றிறங்கித் தரையோடு ஒட்டிக்கிடந்தது. தார்ச்சாலையில் தள்ளிக்கொண்டு நடந்தேன். அரை மணி நேரத்தில் தலை சுற்றியது. வாழைத்தார் இறக்கிவிட்டுக் காலியாக வந்த குட்டியானை ஓட்டுநர் ஒருவர் இரக்கப்பட்டு நிறுத்தினார். சைக்கிளைத் தூக்கிப் பின்னால் போட்டுவிட்டு, “பிள்ளையார்பட்டிக்குப் போய் யானை மேல் வருகிறீர்கள், கொடுத்து வைத்தவர் அண்ணே” என்றார்.

அன்று என் காலில் குறையில்லை. தப்பான நேரத்தில், தப்பான டயரோடு கிளம்பியதுதான் குறை. உடற்பயிற்சிக்காகவும் பொழுதுபோக்குக்காகவும் இந்தப் பக்கம் சைக்கிள் மிதிக்க நினைப்பவர்களுக்கு அந்த நாளிலிருந்து நான் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். பந்தயத்துக்குத் தயாராகிறவர்கள் வேறு இடம் பார்க்கவும்.

முதலில் சைக்கிள் உடம்புக்குப் பொருந்தட்டும்

எந்தச் சைக்கிள் என்று கேட்கிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: வீட்டில் ஏற்கெனவே இருப்பது. அப்பா காலத்துக் கறுப்புச் சைக்கிளானாலும், மகன் கல்லூரிக்குப் போனதும் திண்ணையில் தூசி படிந்து நிற்கும் கியர் சைக்கிளானாலும், இரண்டு மாதம் அதில் ஓட்டிப் பாருங்கள். அதன் பிறகும் ஆசை தணியவில்லை என்றால் வாங்கலாம். வாங்கும்போது 32 முதல் 38 மில்லிமீட்டர் அகல டயர் கொண்ட ஹைபிரிட் வகை இங்குள்ள சாலைகளுக்குப் போதும். மெல்லிய டயர் பந்தயச் சைக்கிள் நெடுஞ்சாலையில் பறக்கும். செம்மண் பாதையில் இறங்கியதும் அழும். பருத்த டயர் மலைச் சைக்கிளோ, நம் ஊரில் மலையே இல்லாத குறைக்கு உங்கள் தொடையைப் பழிவாங்கும்.

சீட்டின் உயரம்தான் முதல் வேலை. சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். பெடலைக் கீழ்க்கோடிக்குக் கொண்டுவந்து அதன்மேல் குதிகாலை வையுங்கள். அப்போது முழங்கால் நேராக நிற்க வேண்டும். பிறகு உண்மையில் மிதிக்கும்போது பாதத்தின் முன்பகுதி பெடலில் இருக்கும், முழங்கால் இலேசாக மடங்கியிருக்கும். அதுதான் சரியான அளவு. நம்மில் பலர், இரண்டு காலும் தரையில் ஊன்ற வேண்டும் என்று சீட்டை இறக்கி வைத்துக்கொண்டு முழங்கால் வலிக்கிறது என்பார்கள். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு. பின்பக்கம் வலித்தாலோ, மிதிக்கும்போது இடுப்பு இரண்டு பக்கமும் ஆடினாலோ சீட் உயரம். ஒரே நாளில் ஒரு அங்குலம் மாற்றாதீர்கள். ஐந்து மில்லிமீட்டர் மாற்றி இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள்.

காற்று அடுத்தது. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) எண் உச்சவரம்பு. அதுவரை அடிக்க வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை. 35 மில்லிமீட்டர் டயருக்கு, 75 கிலோ எடையுள்ள ஆளுக்குப் பின்னால் 50, 55 பி.எஸ்.ஐ., முன்னால் அதைவிட ஐந்து குறைவு என்று தொடங்கலாம். கல்லாகக் காற்றடித்தால் வேகம் கூடும் என்பது பழைய நம்பிக்கை. சொரசொரப்பான சாலையில் அது கைகளை மரத்துப்போக வைக்கும், வேறொன்றும் செய்யாது. இன்னொன்று: உங்கள் சைக்கிளில் மெல்லிய பிரெஸ்டா வால்வு இருந்தால், ஊர்ப் பஞ்சர் கடை பம்ப் அதில் பொருந்தாது. பட்டாணி அளவில் ஒரு பித்தளை அடாப்டர் கிடைக்கும்; அதை வாங்கி வால்விலேயே திருகி வைத்துவிடுங்கள்.

முள்

இந்தப் பகுதியை நான் நீட்டித்தான் எழுதப் போகிறேன். இந்த ஊரில் சைக்கிளைக் கைவிட்டவர்களில் பாதிப்பேரைக் கைவிட வைத்தது சீமைக்கருவேல முள்தான்.

சிவகங்கைச் சீமையில் கண்மாய்க்கரை, தரிசு, சாலையோரம் என்று எங்கு பார்த்தாலும் அந்த மரம். வெட்டி விறகாகவும் கரிமூட்டத்துக்கும் டிராக்டரில் ஏற்றிப்போகிறார்கள். போகிற வழியெல்லாம் சுள்ளி சிந்தும். ஆட்டுக்கிடைக்கு வேலி கட்டியவர்கள் கிடையை மாற்றும்போது மிச்சத்தைச் சாலையோரத்தில் தள்ளிவிட்டுப் போவார்கள். காய்ந்த முள் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு அங்குலம், ஒன்றரை அங்குலம் நீளம், சாம்பல் நிறம், நுனி மட்டும் கறுத்திருக்கும். தார்ச்சாலையின் நிறத்தோடு கலந்துவிடும். ஓட்டும்போது கண்ணுக்குத் தெரியாது. டயருக்குத் தெரியும்.

ஆகவே சாலையின் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஓட்டாதீர்கள். வண்டிகளின் சக்கரம் உருண்டு உருண்டு முள்ளையும் கல்லையும் ஓரத்துக்கு ஒதுக்கிவிடும். ஒதுங்கிப் போகிறோம் என்று நாம் போவது அந்தக் குப்பைக்குள்தான். ஓரத்திலிருந்து ஒரு முழம் உள்ளே, நேர்கோட்டில் ஓட்டுவது டயருக்கும் நல்லது, உயிருக்கும் நல்லது. பின்னால் வருகிறவருக்கும் நீங்கள் எங்கே போகிறீர்கள் என்பது தெளிவாகத் தெரியும்.

டயருக்கும் டியூபுக்கும் நடுவில் வைக்கும் பாதுகாப்புப் பட்டை கடைகளில் கிடைக்கிறது. எங்கள் பக்கத்துப் பழைய வழி அதைவிட மலிவு: பாழான டியூபின் வால்வை வெட்டி எறிந்துவிட்டு, உள்வட்டத்தை நீளவாக்கில் பிளந்து, நல்ல டியூபுக்கு மேல் உறைபோல் போர்த்திவிடுவது. சக்கரம் கொஞ்சம் கனக்கும். பிள்ளையார்பட்டிச் சாலையில் தள்ளிக்கொண்டு நடந்தவனுக்கு அந்தக் கனம் பொருட்டே இல்லை.

அப்படியும் பஞ்சர் ஆகும். பையில் எப்போதும் இருக்க வேண்டியவை: ஒரு மாற்று டியூப், டயர் கழற்றும் பிளாஸ்டிக் நெம்புகோல் இரண்டு, கைப்பம்ப், சொல்யூஷன், ஒட்டுத்துண்டுகள், உப்புத்தாள், சக்கரம் நட்டுப் போட்டு முறுக்கியது என்றால் ஸ்பானர். வழியில் ஒட்டுப் போட்டுக்கொண்டு உட்காராதீர்கள். டியூபை மாற்றிவிட்டுக் கிளம்புங்கள், ஒட்டுவதை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். மாற்றும்போது ஒரே ஒரு காரியத்தை மறக்கக் கூடாது. பழைய டியூபை உருவியதும், டயரின் உட்பக்கத்தை விரல் நுனியால் மிக மெதுவாகத் தடவி ஒரு முழுச்சுற்று வாருங்கள். முள் வெளியே ஒடிந்திருக்கும். நுனி மட்டும் டயருக்குள் புதைந்து, அரிசிக்குருணை அளவுக்கு உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். வேகமாகத் தடவினால் விரலைக் கிழிக்கும், ஆகவே மெதுவாக. விரலுக்குப் பயமென்றால் கைக்குட்டையால் தடவுங்கள். நூல் மாட்டிக்கொள்ளும் இடத்தில் முள் இருக்கும். அதை எடுக்காமல் புது டியூபைப் போட்டால் அடுத்த கிலோமீட்டரிலேயே அதுவும் போகும். எனக்குப் போயிருக்கிறது, ஒரே காலையில் இரண்டு டியூப்.

வீட்டில் ஒட்டும்போது நிதானம் வேண்டும். டியூபில் காற்றடித்து வாளித் தண்ணீரில் அமிழ்த்திக் குமிழி வரும் இடத்தைப் பேனாவால் குறியுங்கள். துடைத்து உலர்த்தி, ஒட்டுத்துண்டைவிடச் சற்று அகலமாக உப்புத்தாளால் தேயுங்கள். சொல்யூஷனை மெல்லிசாகத் தடவி, ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். ஈரமாக இருக்கும்போதே துண்டை ஒட்டுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. பளபளப்பு மங்கி, தொட்டால் விரலில் பசை வராத பிறகு ஒட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்துங்கள்.

வெயிலுக்கு முன்னால் வீடு

சித்திரை, வைகாசியில் பகல் வெயில் 38, 40 டிகிரியைத் தொடும் ஊர் இது. அந்த மாதங்களில் காலை ஐந்தேகாலுக்குச் சாலையில் இருங்கள், ஏழரைக்குள் வீட்டில் இருங்கள். மார்கழி, தையில் எட்டரை, ஒன்பது வரை தாங்கும். ஆனால் சூரியன் உதிக்கவே ஆறரை ஆகிவிடும், பனிமூட்டமும் உண்டு. முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, வெளிர் நிறச் சட்டை மூன்றும் இல்லாமல் இருட்டில் இறங்க வேண்டாம். சக்கரத்தில் ஒட்டிய பிரதிபலிப்பான் மட்டும் போதாது. எதிர் வண்டியின் வெளிச்சம் அதன்மேல் விழுந்தால்தான் அது இருப்பதே தெரியும்.

மாலை நேரம் ஆகாதா என்பார்கள். ஆகும். ஆனால் கோடையில் தார் ஆறு மணிக்கும் கொதித்துக்கொண்டிருக்கும், பூச்சி கண்ணில் விழும், வேலை முடிந்து வீடு திரும்புகிற வண்டிகள் எல்லாம் அப்போதுதான் சாலையில். எனக்குப் பிடிக்காது.

தண்ணீர் விஷயத்தில் தாகத்தை நம்பாதீர்கள். மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை, பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு மடக்காக. உங்கள் அளவைத் தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. கிளம்பும் முன்பும் திரும்பிய பிறகும் வியர்வையைத் துடைத்துவிட்டு எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால், குடித்தது போக இன்னும் ஒரு லிட்டர் நீர் போயிருக்கிறது என்று பொருள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் வெறும் தண்ணீர் போதாது. ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து ஒரு பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஓர் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் குடிக்கும்படியாக இருக்கும். இரத்த அழுத்தம், சர்க்கரை இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கொளுத்தும் வெயிலில் திடீரென்று உடல் சிலிர்த்தாலோ, வழிந்துகொண்டிருந்த வியர்வை நின்றுபோனாலோ, பேச்சு குழறினாலோ அது அபாயம். உடனே நிழலில் உட்கார்ந்து தலையிலும் கழுத்திலும் தண்ணீரை ஊற்றுங்கள், ஆளைக் கூப்பிடுங்கள். இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே என்று மிதிக்காதீர்கள்.

சாப்பாடு பற்றிச் செட்டிநாட்டில் அறிவுரை சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான். கிளம்பும் முன் ஒரு வாழைப்பழம். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் நடுவில் இன்னொன்று, அல்லது இரண்டு இனிப்புப் பணியாரம். அரிசியும் வெல்லமும் சேர்ந்த அந்தப் பணியாரத்தை விடவா கடையில் விற்கும் பந்தயக்காரர் மிட்டாய் உயர்த்தி? கந்தரப்பமும் சீயமும் எண்ணெய்ப் பண்டங்கள். அவற்றைத் திரும்பிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

காற்றைக் கேட்டு வழியைத் தேர்ந்தெடுங்கள்

மேடு இல்லாத ஊரில் காற்றுதான் மேடு. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிற உங்களுக்கு எதிரே 15 கிலோமீட்டர் வேகக் காற்று வந்தால், நெஞ்சில் மோதுவது 35 கிலோமீட்டர் காற்று. காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுவதால், காற்றில்லாத நாளைவிட அது மூன்று மடங்கு. அந்த வேகத்தைப் பிடித்து வைக்க முயலாதீர்கள். கியரை இறக்கி, குனிந்து, மூச்சுக்கு ஏற்ற வேகத்தில் போங்கள்.

விதி ஒன்றுதான்: போகும்போது எதிர்காற்று, வரும்போது பின்காற்று. ஆடிக் காற்று மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் அடிக்கும். ஆகவே ஆனியிலிருந்து ஆவணி வரை காரைக்குடியிலிருந்து மேற்கே கிளம்புங்கள். குன்றக்குடி சுமார் பத்துக் கிலோமீட்டர். சிறிய குன்றின் மேல் சண்முகநாதர். வெகு தூரத்திலேயே கோபுரம் தெரிந்துவிடுவதால் எவ்வளவு மிதித்தும் பக்கத்தில் வராததுபோல் ஒரு மயக்கம் இருக்கும். அங்கிருந்து பிள்ளையார்பட்டி சில கிலோமீட்டர்தான். குடைவரைக்குள் பாறையிலேயே செதுக்கிய கற்பக விநாயகரைப் பார்த்துவிட்டு, பின்காற்றில் வீடு திரும்பினால் மொத்தம் 25 கிலோமீட்டர் சொச்சம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு மாதப் பழக்கத்துக்குப் பிறகு செய்ய ஏற்ற முதல் நீளப் பயணம் இது.

ஐப்பசிக்கு மேல் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும். அப்போது வழியைத் திருப்பிப் போடுங்கள்: கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான். ஒரு பக்கம் சுமார் 15 கிலோமீட்டர். எனக்கு மிகப் பிடித்த வழி இதுதான். கானாடுகாத்தானுக்குள் நுழைந்ததும் கியரைக் குறைத்துக்கொள்ளுங்கள். தெருக்கள் அகலம், நேர். ஒரு வீட்டின் முகப்பு ஒரு தெருவில் தொடங்கினால் அதன் பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். அதிகாலையில் அந்த நீளச் சுவர்களை ஒட்டி ஓட்டும்போது உங்கள் சக்கரத்தின் டிக் டிக் ஒலி சுவரில் பட்டு உங்களோடே வரும். பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும். யாரோ ஒருவர் வாசல் தெளித்துக்கொண்டிருப்பார். அரண்மனை வீட்டின் முன்னால் நின்று படம் எடுப்பவர்கள் எடுக்கலாம். நான் ஊரணிப் படிக்கட்டில் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வருவேன்.

கால் பழகிவிட்டால் கானாடுகாத்தானிலிருந்து இன்னும் வடக்கே திருமயம். சேதுபதிகள் 1687இல் கட்டிய கோட்டை பாறைக்குன்றின் மேல் நிற்கிறது. காரைக்குடியிலிருந்து போய்த் திரும்ப 50 கிலோமீட்டரை நெருங்கும். அந்தப் பக்கம் திருச்சி–ராமேசுவரம் நெடுஞ்சாலையில் பஸ்களும் லாரிகளும் வேகமாக வரும். தனியாகப் போவதைவிட இரண்டு பேராகப் போவது நல்லது, அதுவும் ஒருவர் பின் ஒருவராக.

ஆத்தங்குடி இன்னொரு நல்ல இலக்கு. தரையில் பதிக்கும் பூக்கல் போடும் பட்டறைகளில் வேலை தொடங்கும் நேரத்துக்குப் போய் நின்றால் பார்க்க விடுவார்கள். கண்ணாடிப் பலகையின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ அச்சு. அச்சின் ஒவ்வோர் அறையிலும் கரண்டியால் வண்ணக் கலவையை ஊற்றி அச்சைத் தூக்கினால் பூ மட்டும் நிற்கும். அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு இறுக்கி, பிறகு தண்ணீரில் ஊறவைத்து உலர்த்துகிறார்கள். கண்ணாடியைத் தொட்டிருந்த முகம்தான் அந்தப் பளபளப்பு. அழகாக இருக்கிறதே என்று நான்கு கற்களைக் கேரியரில் கட்டி எடுத்துவந்தேன். வீட்டுக்கு வந்து சேர்ந்தது இரண்டு.

குளிர்காலத்தில் நாள் முழுக்க ஒதுக்க முடிந்தவர்கள் திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். அங்குள்ள கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காதவர்கள். நீங்களும் கண்மாய்க்கரையில் மணி அடிக்காமல் போங்கள்.

சாலையில் எதிர்ப்படுகிறவர்கள்

நாய் துரத்தினால் வேகமாக ஓட்டித் தப்பிக்கலாம் என்பது காலில் பல் படும்வரைதான். நில்லுங்கள். இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள். ஓடாத பொருளில் அதற்கு ஆர்வம் போய்விடும். தினமும் ஒரே நேரத்தில் போனால் இரண்டு வாரத்தில் அதுவே உங்களைப் பார்த்து வாலாட்டும்.

ஆட்டுமந்தை வந்தால் மணி அடிக்காதீர்கள்; சிதறும். மேய்ப்பவர் எந்தப் பக்கம் நிற்கிறாரோ அந்தப் பக்கமாக மெதுவாக ஊர்ந்து போனால் அவரே வழி ஒதுக்கித் தருவார். மயில் குறுக்கே ஓடினால் பின்னாலேயே இன்னொன்று வரும் என்று எதிர்பாருங்கள்.

அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையில் நெல் காயும். அதன் ஓரத்தில் கல்லோ கட்டையோ வைத்திருப்பார்கள், அதிகாலை இருட்டில் அதுதான் ஆபத்து. நெல்லின் மேல் ஏற்றினால் சக்கரம் வழுக்கும். ஏற்றிய பிறகு காதில் விழும் வசவு தனி.

தைப்பூசத்துக்கு முந்தைய நாட்களில் குன்றக்குடி வழியாகப் பழநிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் இருட்டிலேயே நடக்கத் தொடங்குவார்கள். வெறுங்காலோடு வெகுதூரம் நடப்பவர்களின் முதுகுக்குப் பின்னால் மணி அடிப்பது நாகரிகமில்லை. “முருகா” என்று மெல்லக் குரல் கொடுத்தால் போதும், விலகுவார்கள். பொங்கலை ஒட்டிச் சிராவயல் மஞ்சுவிரட்டு நடக்கும் நாளில் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

வளவுக்குள் மிதிப்பது

ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும், அக்கினி நட்சத்திரத்திலும், பிள்ளைக்குப் பள்ளிப் பேருந்து ஏழு மணிக்கு வரும் நாட்களிலும் சாலை கிடையாது. வருடத்தில் மூன்று நான்கு மாதம் இப்படிப் போய்விட்டால் பழக்கமே போய்விடும். ஆகவே வீட்டுக்குள் மிதிப்பதைக் கேவலமாக நினைக்காதீர்கள். நானும் நினைத்தவன்தான்.

நாங்கள் குடியிருப்பது கோட்டையூரில் ஒரு பழைய வீட்டின் இரண்டாங்கட்டில். முன்கட்டில் வீட்டுக்கார ஆச்சி. பின்சக்கரத்தை உருளையின் மேல் அழுத்திப் பிடிக்கும் சாதாரணக் காந்த ட்ரெய்னர் ஒன்றை வாங்கி, வளவை, அதாவது வீட்டின் நடு முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில் தூணோரமாக வைத்தேன். முதல் நாள் முக்கால் மணி நேரம் மூச்சிரைக்க மிதித்து இறங்கியபோது ஆச்சி கேட்டார்: “ஏன் தம்பி, இவ்வளவு மிதித்தும் அந்தத் தூணைத் தாண்டவில்லையே?” என்னிடம் பதில் இல்லை. ஆனால் ட்ரெய்னர் தூணைத் தாண்டத்தான் பார்த்தது. எண்ணெய் தேய்த்துப் பளபளத்த ஆத்தங்குடித் தரையில் அது அங்குலம் அங்குலமாக நகர்ந்து முற்றத்து விளிம்புக்கு வந்திருந்தது. மறுநாளே தடித்த ரப்பர் விரிப்பு வாங்கினேன். கோரைப்பாய் உதவாது, அதுவும் சேர்ந்து வழுக்கும்.

ட்ரெய்னரில் மூன்று வகை. நான் சொன்னது போன்ற உருளை வகை மலிவு. பின்டயர் சூடாகித் தேயும், கறுப்புத் தூள் உதிரும், ஆகவே பழைய வழுவழு டயர் ஒன்றை இதற்கென்று ஒதுக்குங்கள். பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு நேரடியாகப் பூட்டும் வகை சத்தம் குறைவு, விலை கூடுதல். கணினித் திரையில் மேடு வந்தால் தானாகவே மிதி கனக்கும் வகைகளும் இருக்கின்றன. மின்சாரம் போனால் அவை பெரும்பாலும் வெறும் இரும்பு. எங்கள் காந்த உருளைக்கு மின்சாரமே தேவையில்லை.

மின்விசிறிக்குத் தேவை உண்டு. பெடலுக்குப் போய்ச் சேருவது உடல் எரிக்கும் சக்தியில் கால் பங்கோ அதற்கும் குறைவோதான். மீதி எல்லாம் சூடு. சாலையில் அந்தச் சூட்டை எதிர்காற்று அள்ளிக்கொண்டு போகும். வீட்டுக்குள் அது உங்களைச் சுற்றியே நிற்கும். கூரை விசிறி போதாது. மார்புக்கு நேரே தரைவிசிறி ஒன்றை வையுங்கள். பழைய வீட்டுச் சுண்ணாம்புச் சுவரும் உயர்ந்த கூரையும் கொஞ்சம் உதவும். முற்றத்துக்கு மிக அருகில் வைத்தால் காற்று நன்றாக வரும், மழை நாளில் சாரலும் வரும்.

வியர்வையைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். சொட்டுச் சொட்டாக ஹேண்டில் தண்டின் மேலும் திருகுகளின் மேலும் விழுந்து உப்பாக உள்ளே இறங்கும். ஒரு வருடம் கழித்து ஹேண்டிலைக் கழற்றப் போனபோது திருகு துருவோடு இறுகிப்போய் உடைந்தது. இப்போது ஒரு துண்டை ஹேண்டிலிலிருந்து சீட் வரை கட்டிவிட்டுத்தான் ஏறுகிறேன், இறங்கியதும் ஈரத்துணியால் துடைக்கிறேன்.

வீட்டுக்குள் முக்கால் மணி நேரம் தாராளம். பத்து நிமிடம் இலகுவாக. பிறகு மூன்று நிமிடம் கடுமையாக, இரண்டு நிமிடம் இலகுவாக என்று ஐந்து முறை. கடைசிப் பத்து நிமிடம் மறுபடி இலகுவாக. ‘கடுமை’ என்றால் ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியாத அளவு. ‘இலகு’ என்றால் ஆச்சி கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல முடிகிற அளவு. மிதியின் வேகத்தை அளக்கக் கருவி வேண்டாம்: வலது முழங்கால் மேலே வருவதைப் பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். 80இலிருந்து 90க்குள் இருக்கட்டும். கனமான கியரில் தம் பிடித்து மெதுவாக மிதிப்பது நம் ஊர் அரிசி மூட்டைச் சைக்கிள் பழக்கம், முழங்காலுக்கு ஆகாது.

சாலையில் குழி, வளைவு, பிரேக் என்று நாம் அறியாமலே சீட்டில் அசைந்துகொண்டிருப்போம். இங்கே அசைவில்லை; ஆகவே மரத்துப்போகும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து நின்று முப்பது நொடி மிதியுங்கள். சலிப்புக்கு என்ன மருந்து என்றால், நான் வானொலி கேட்கிறேன். என் மகன் திரையில் ஏதோ வெளிநாட்டு மலையில் முகம் தெரியாதவர்களோடு பந்தயம் விடுகிறான். கோட்டையூர் மழையைக் கேட்டுக்கொண்டே ஆல்ப்ஸ் மலையில் ஏறுகிறான், ஏறட்டும்.

இறங்கிய பிறகு

சைக்கிளைச் சாத்திவிட்டு நேரே குளிக்கப் போய்விடாதீர்கள். இரண்டு டயரையும் மெதுவாகச் சுற்றி, மேற்பரப்பில் குத்தி நிற்கும் முள், கண்ணாடிச் சில்லை ஊசியால் நெம்பி எடுங்கள். இன்று டியூபைத் தொடாத முள் நாளை மறுநாள் தொடும். செயினை உலர்ந்த துணியால் பிடித்துப் பெடலைப் பின்பக்கமாகச் சுற்றித் துடையுங்கள். செம்மண் புழுதி எண்ணெயோடு சேர்ந்தால் அரம்போல் பல்சக்கரத்தை அராவும். எண்ணெய் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, கணுவுக்கு ஒரு சொட்டு, கால் மணி நேரம் கழித்து மேலே நிற்பதைத் துடைத்துவிட வேண்டும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்துப் புழுதியைக் கூட்டும். மழையில் நனைந்து வந்த நாளில் இந்த வேலையை இரவுக்குத் தள்ளாதீர்கள், காலையில் செயின் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும்.

அந்தக் குட்டியானை ஓட்டுநர் இன்னும் அந்தச் சாலையில் வருகிறார். என்னைத் தாண்டும்போது இரண்டு முறை ஹாரன் அடித்து, பின்னால் இடம் காலியாக இருக்கிறது என்று கையால் காட்டிவிட்டுப் போகிறார்.